பகுதி எண்ணைப் பார்த்தீர்களா? பள்ளி மாணவர்களின் டிஜிட்டல் திறனை அளப்பது பற்றி

2024 ஜனவரியில் 'ஏசர் 2023' அறிக்கை வந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் ஏறக்குறைய ஒரே செய்திதான். கிராமத்துப் பிள்ளைகளுக்கு போன் தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை. பிரதம் அமைப்பு 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களுக்குப் போய், 14 முதல் 18 வயது வரை உள்ள 34,745 பேரைச் சந்தித்து எடுத்த கணக்கு அது. தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர் மாவட்டம். கால்வாசிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்கள் மொழியில் சரளமாக வாசிக்க முடியவில்லை. ஆனால் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. பயன்படுத்தத் தெரியும் என்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு.

ஏசர்காரர்கள் இதோடு நிற்கவில்லை. "தெரியுமா?" என்று கேட்டதற்கு மேல், "ஒரு போன் கொண்டு வா, செய்து காட்டு" என்றார்கள். அலாரம் வை, இணையத்தில் ஒரு தகவல் தேடு, யூடியூபில் ஒரு வீடியோ கண்டுபிடித்து அனுப்பு, கூகுள் மேப்ஸில் ஓர் ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பார். நல்ல முறை. அலாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் தேறினார்கள், தேடலில் 70 சதவீதம், மேப்ஸில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.

இங்கேதான் நான் நிற்கிறேன். இந்தச் சதவீதங்களுக்குப் பகுதி எண் எது? கேட்ட நேரத்தில் இயங்கும் இணைப்போடு ஒரு போனைக் கொண்டுவர முடிந்தவர்கள் மட்டும். அவர்கள் மொத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. மூன்றில் இரண்டை மூன்றில் ஒன்றால் பெருக்கிப் பாருங்கள்: மேப்ஸில் வழி கண்டுபிடித்துக் காட்டியவர்கள் மொத்தத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். போன் கொண்டுவராத மூன்றில் ஒரு பங்கு பேருக்குத் தெரியுமா, தெரியாதா? நமக்குத் தெரியாது. அவர்கள் தோற்கவில்லை, கணக்கிலேயே இல்லை.

அந்த மூன்றில் ஒரு பங்கில் யார் அதிகம் என்பதும் அறிக்கையிலேயே இருக்கிறது. ஆண்களில் 72.9 சதவீதம் பேர் போன் கொண்டுவந்தார்கள், பெண்களில் 62 சதவீதம். போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக போன் வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். அதாவது "டிஜிட்டல் திறன்" என்று நாம் படிக்கிற எண்ணுக்குள் "வீட்டில் யார் கையில் போன் இருக்கிறது" என்ற எண்ணும் கலந்திருக்கிறது. ஏசர் இதை மறைக்கவில்லை, அட்டவணையில் தெளிவாகவே போட்டிருக்கிறது. செய்தித் தலைப்புக்குத்தான் அட்டவணை தெரிவதில்லை.

இது ஏசர் மீதான புகார் அல்ல. நான் பார்த்தவற்றில் கொஞ்சம் நேர்மையான அளவீடு இதுதான். என் புகார் பொதுவானது. "டிஜிட்டல் எழுத்தறிவு", "கம்ப்யூடேஷனல் திங்கிங்" என்ற இரண்டு பெயர்களின் கீழ் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அளக்கிறார்கள். படிக்கிற நாமோ எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தது போலப் பேசுகிறோம். இந்தக் குழப்பத்தில், கம்ப்யூட்டர் வேலையின் மையமான ஒரு திறன் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்பதும் செய்யச் சொல்வதும்

மலிவான முறை கேள்வித்தாள். "உனக்கு மின்னஞ்சல் அனுப்பத் தெரியுமா? தெரியும் / கொஞ்சம் தெரியும் / தெரியாது." பல கல்லூரி ஆய்வேடுகளும் அரசுக் கணக்கெடுப்புகளும் இப்படித்தான். இதில் அளக்கப்படுவது திறனா, தன்னம்பிக்கையா?

இதற்கு நல்ல பதில் ஐசில்ஸ் ஆய்வில் கிடைக்கிறது. ஐஇஏ என்ற சர்வதேச அமைப்பு 2013, 2018, 2023 என்று மூன்று சுற்றுகள் நடத்தியிருக்கிறது, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு. இந்தியா மூன்றிலும் இல்லை. அதில் மாணவர்களிடம் "உனக்கு எவ்வளவு வரும்" என்றும் கேட்கிறார்கள், கையில் வேலையும் கொடுக்கிறார்கள். 2013லும் 2018லும் வந்த முடிவு வேடிக்கையானது. நிரல் எழுதுவது, வலைப்பக்கம் அமைப்பது மாதிரி கொஞ்சம் கடினமான வேலைகளில் பையன்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம். கம்ப்யூட்டரில் தகவலைத் தேடி, தரம் பார்த்து, தொகுத்துக் காட்டும் தேர்வில் மதிப்பெண் அதிகம் வாங்கியது பெண்கள். வெறும் கேள்வித்தாளோடு நிறுத்தியிருந்தால் ஆய்வு முடிவு தலைகீழாகக்கூட எழுதப்பட்டிருக்கும்.

ஐசில்ஸின் செய்முறைத் தேர்வு எனக்குப் பிடித்தது. தனித்தனி அற்பக் கேள்விகளாக இல்லாமல், ஒரு சிறு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை செய்யச் சொல்கிறார்கள். 2013 தேர்வில் பள்ளிச் சுற்றுலாவைத் திட்டமிடுவது, ஓர் இசைப் போட்டிக்கு வலைப்பக்கம் தயாரிப்பது மாதிரி வேலைகள் இருந்தன. சராசரி 500 என்று வைத்த அளவுகோல். 407, 492, 576, 661 என்று நான்கு படிகள். மேல்படியை எட்டியவர்கள் 2013லும் சரி, 2018லும் சரி, 2 சதவீதம்தான். பிறந்ததிலிருந்தே திரையோடு வளர்ந்த தலைமுறைக்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்ற கதைக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

ஆனால் இதை அப்படியே தூக்கி வந்து நம் ஊரில் வைத்தால் என்ன ஆகும்? தேர்வு முழுக்க கீபோர்டும் மவுஸும் உள்ள கணினியை நினைத்துச் செய்தது. தேசிய மாதிரி ஆய்வின் 75வது சுற்றுப்படி, 2017-18இல் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் கிராமங்களில் 4.4 சதவீதம், நகரங்களில் 23.4 சதவீதம். வாழ்நாளில் மவுஸைப் பிடித்து இழுத்திராத பிள்ளைக்கு 'இழுத்து இங்கே விடு' என்று ஒரு கேள்வி. அவள் தடுமாறினால் சிந்தனையில் தடுமாறினாளா, விரலில் தடுமாறினாளா? இந்த இடத்தில் வாசலில் உட்கார்ந்து "உன் போனிலேயே செய்" என்று சொன்ன ஏசர் முறைதான் புத்திசாலித்தனம்.

ஏசரின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. வீடியோ கண்டுபிடித்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் அதை நண்பருக்கு அனுப்பியும் காட்டினார்கள். சபாஷ், திறன் இருக்கிறது. ஆனால் அனுப்பலாமா, கூடாதா என்று யோசிக்கிற திறன்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எவருக்கும் இந்தக் கேள்வியின் கனம் புரியும். பாஸ்வேர்ட் மாற்றுவது, ஒருவரை பிளாக் செய்வது மாதிரி பாதுகாப்பு விஷயங்கள் தெரியுமா என்று ஏசர் வாய்வார்த்தையாகக் கேட்டது. சமூக ஊடகம் பயன்படுத்துபவர்களில் பாதிப் பேருக்குத்தான் தெரிந்திருந்தது. நம்பகத்தன்மையைச் சோதிக்கிற வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை.

கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2019இல் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இணைய இணைப்போடு தேர்வு வைத்தது. தேர்தல் மோசடி என்று சொல்லி ஒரு மங்கலான வீடியோ. உண்மையில் அது ரஷ்யாவில் எடுத்தது. இரண்டு நிமிடம் தேடினால் தெரிந்துவிடும். 52 சதவீதம் பேர் அதை அமெரிக்கத் தேர்தல் மோசடிக்கு வலுவான ஆதாரம் என்று ஏற்றுக்கொண்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் அலாரத்திலோ மேப்ஸிலோ தடுமாறுகிறவர்கள் அல்ல. பட்டனை அழுத்தும் திறனும் பார்த்ததை எடைபோடும் திறனும் இரண்டு தனித்தனிச் சரக்கு. முன்னதை அளந்துவிட்டுப் பின்னதன் பெயரை ஒட்டக் கூடாது.

சிந்தனையை எதைக் கொண்டு அளப்பது?

டிஜிட்டல் எழுத்தறிவுக்காவது கண்ணுக்குத் தெரிகிற வேலைகள் இருக்கின்றன. கம்ப்யூடேஷனல் திங்கிங் இன்னும் வழுக்கலான சங்கதி. தமிழில் கணிமைச் சிந்தனை என்று வைத்துக்கொள்வோம். 1980இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் சீமோர் பேப்பர்ட் இந்தச் சொல்லைப் போகிற போக்கில் பயன்படுத்தினார். 2006 மார்ச்சில் ஜெனட் விங் எழுதிய சிறு கட்டுரைதான் அதை உலகம் முழுக்கப் பரப்பியது: இது கணினி அறிவியலாளர்களுக்கு மட்டுமானதல்ல, எல்லோருக்கும் வேண்டிய அடிப்படைத் திறன் என்பது அவர் வாதம். 2017இல் பீட்டர் டென்னிங் குளிர்ந்த நீரை ஊற்றினார். கணிமைச் சிந்தனை என்றால் என்ன, மாணவர்களிடம் அதை எப்படி அளப்பது, எல்லோருக்கும் அது உண்மையிலேயே நல்லதா என்று மூன்று கேள்விகள் கேட்டார். முதல் கேள்விக்கே சரியான பதில் இல்லாதபோது இரண்டாவதற்கு எங்கே போவது?

ஆனாலும் அளக்கிறார்கள். ஸ்பெயினில் மார்க்கோஸ் ரோமான்-கொன்ஸாலஸ் குழு தயாரித்த தேர்வு ஆய்வுலகில் நிறையப் பயன்படுகிறது. 28 கேள்விகள், 45 நிமிடம், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்புக்குறிகள், சுழற்சிகள், நிபந்தனைகள். 2017இல் வெளியான ஆய்வில் 1,251 மாணவர்களிடம் சோதித்தார்கள். பொதுவான சிக்கல் தீர்க்கும் திறனோடு இந்தத் தேர்வின் தொடர்பெண் 0.67. வர்க்கப்படுத்தினால் 0.45, அதாவது மதிப்பெண் வேறுபாட்டில் பாதியை நெருங்கிய பங்கு இரண்டுக்கும் பொது.

ஐசில்ஸ் 2018இல் கணிமைச் சிந்தனைக்குத் தனித் தேர்வு சேர்த்தது. விருப்பமுள்ள நாடுகளுக்கு, தலா 25 நிமிடத்தில் இரண்டு பகுதிகள். ஒன்றில் தானியங்கிப் பேருந்து, இன்னொன்றில் வயலுக்குத் தண்ணீரும் உரமும் போடும் டிரோனை ஓட்டக் கட்டளைக் கட்டங்களை அடுக்குவது. இந்த மதிப்பெண்ணுக்கும், அதே மாணவர்களின் டிஜிட்டல் எழுத்தறிவு மதிப்பெண்ணுக்கும் தொடர்பெண் 0.82. இதை வர்க்கப்படுத்தினால் 0.67.

இதைப் பார்த்து "இரண்டும் ஒன்றுதான், சும்மா பெயர் மாற்றி விற்கிறார்கள்" என்று முடிவுகட்டுவதும் தப்பு. உயரத்துக்கும் எடைக்கும்கூடத் தொடர்பு உண்டு. அதற்காக ஸ்கேலை வைத்து எடை பார்ப்பதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை இதில் இருக்கிறது. இரண்டு தேர்வுக்கும் கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் அமைதியாக உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் வேண்டும். இரண்டிலும் வீட்டு வசதி கைகொடுக்கிறது. டிஜிட்டல் வேலைகளில் தேறுவது அடிப்படை வாசிப்புத் திறனோடு சேர்ந்தே கூடுகிறது என்று ஏசரும் காட்டியது. கணிமைச் சிந்தனையில் ஒரு பள்ளி பின்தங்கியது என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்தப் பள்ளிக்குத் தேவை ரோபாட்டிக்ஸ் லேபா, தமிழ் ஆசிரியரா? தேர்வைப் பிரித்துப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. லேபுக்கு டெண்டர் விட்டாகிவிடும் என்பதுதான் கவலை.

புதிர்களும் அப்படியே. லிதுவேனியாவில் வாலென்டினா டாகியெனே 2004இல் தொடங்கிய 'பெப்ராஸ்' போட்டி இன்று பல பத்து நாடுகளில் நடக்கிறது, இந்தியாவிலும் நடக்கிறது. அருமையான புதிர்கள், கம்ப்யூட்டர் பாடம் படிக்காதவரும் போட்டுப் பார்க்கலாம். ஆர்வத்தைக் கிளப்பச் செய்த போட்டியைச் சிலர் அளவுகோலாகவும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மென்பொருள் துறை இந்தப் பாதையில் ஏற்கெனவே போய்த் திரும்பியிருக்கிறது. நேர்காணலில் மூளைக்கு வேலை வைக்கும் புதிர் கேட்பது ஒரு காலத்தில் பெரிய கௌரவம். அவற்றால் வேலைத்திறனைக் கணிக்க முடியவில்லை, நேர விரயம்தான் என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அறுபது பாகை

அப்படியானால் எதை அளக்க வேண்டும்? என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சில சனிக்கிழமைகளில் பக்கத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு பைத்தானின் 'டர்ட்டில்' வைத்து விளையாடுவதுண்டு. திரையில் ஓர் அம்புக்குறி, சொன்னபடி நடந்து கோடு போடும். "சமபக்க முக்கோணம் வரைங்க" என்றேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது இது: மூன்று முறை செய், 100 அடி போ, 60 பாகை திரும்பு.

ஏன் 60? சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று கணக்குப் பாடத்தில் படித்திருக்கிறாள். ஆனால் நடக்கிற அம்பு திரும்ப வேண்டியது வெளிக்கோணம், 120. ஆகவே முக்கோணம் வரவில்லை. திறந்த வாயோடு அரை அறுகோணம் வந்தது. பேப்பர்ட் காலத்திலிருந்து டர்ட்டில் கற்றுக்கொடுத்த எல்லோரும் பார்த்திருக்கும் தவறு இது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு தடவை போனா மூடிடும் சார்" என்று 3ஐ 6 ஆக்கினாள். அறுகோணம் வந்தது. "அப்போ 60 கம்மி. நிறையத் திரும்பணும்." 90 போட்டாள், சதுரத்தின் மூன்று பக்கம். 130 போட்டாள், தாண்டிப் போனது. 120 போட்டதும் மூடிக்கொண்டது. பிறகுதான் நோட்டில் எழுதினாள்: 6க்கு 60, 4க்கு 90, 3க்கு 120. பெருக்கிப் பார்த்து, "எல்லாம் 360 வருது" என்றாள்.

அதே நேரம் பக்கத்து மேசைப் பையன் எடுத்த எடுப்பிலேயே 120 போட்டான். ஏன் என்று கேட்டேன். "360ஐ மூணால வகுக்கணும், டியூஷன்ல சொன்னாங்க." ஏன் 360 என்றதற்குப் பதில் இல்லை. அவன் மக்கு என்று சொல்லவில்லை. அவனுக்குத் தடுமாற வாய்ப்பே கிடைக்கவில்லை.

இதையே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக வைத்தால், அவன் பாஸ், அவள் ஃபெயில். பத்து நிமிடத்தில் அவள் செய்தது என்ன? எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிட்டாள், தவறு எந்தத் திசையில் என்று கணித்தாள், ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சோதித்தாள், கடைசியில் பொது விதி கண்டாள். இதற்குத்தான் எங்கள் துறையில் டீபக்கிங் என்று பெயர். இருபது வருடமாக எனக்குச் சம்பளம் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். புதிதாக எழுதும் நேரத்தைவிட, எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடும் நேரமே அதிகம். விடையை மட்டும் எண்ணும் எந்தத் தேர்விலும் இது விழாது.

விடைக்குப் பதில் படைப்பைப் பார்க்கலாமே என்று ஒரு முயற்சி 2015இல் வந்தது. 'டாக்டர் ஸ்க்ராட்ச்' என்ற கருவி. பிள்ளைகள் ஸ்க்ராட்சில் செய்த திட்டத்தைக் கொடுத்தால் அதுவே அலசி, ஏழு அம்சங்களுக்குத் தலா 3 வீதம் 21க்கு மதிப்பெண் போடும். ஆசிரியருக்கு வசதி. ஆனால் அது பார்ப்பது என்னென்ன வகைக் கட்டங்கள் இருக்கின்றன என்பதைத்தான். தேவையில்லாத இடத்தில் சிக்கலான கட்டத்தைச் செருகினாலும் மதிப்பெண் ஏறும். எளிமையாக முடித்தவருக்குக் குறையும். நிரலின் வரிகளை எண்ணிப் புரோகிராமரை எடைபோட்ட பழைய மேனேஜர் ஞாபகம் வருகிறது.

2012இல் கரென் பிரென்னனும் மிட்செல் ரெஸ்னிக்கும் எழுதிய கட்டுரை நல்ல வழி ஒன்றைக் காட்டியது. பிள்ளை செய்ததை முன்னால் வைத்து, அவளிடமே பேசுங்கள்: இது எப்படி வந்தது, எங்கே மாட்டிக்கொண்டாய், என்ன மாற்றினாய்? முறை சரிதான். விலைதான் அதிகம். நாற்பது பிள்ளைகளுக்குத் தலைக்குப் பதினைந்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். எந்த அரசு ஆசிரியருக்கு அந்த நேரம் இருக்கிறது?

நம் ஊர் ஆபத்து

2020 தேசியக் கல்விக் கொள்கை கணிமைச் சிந்தனையைப் பேசுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2018 முதல் வந்த புதிய கணக்குப் புத்தகங்களில் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் இயல் சேர்ந்தது. கணினியே இல்லாமல் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது, ரகசியக் குறியீடு, பாய்வுப்படம் என்று உருப்படியான விஷயங்கள். இதைப் பாராட்டாமல் போகக் கூடாது.

ஆனால் அளவீடு தேர்வாக மாறும்போது என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறைக்கான நிரல்கள் புத்தகத்திலேயே அச்சாகி இருக்கின்றன. புக் பேக் ஒன் மார்க்கை உருப்போட்டு, அந்த நிரல்களையும் மனப்பாடம் செய்து, ஒரு பிழையைக்கூடத் தானாகக் கண்டுபிடிக்காமல் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். அளவுகோலே இலக்கானால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்று குட்ஹார்ட் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு கைடு போட்டு விற்றுவிடுவார்கள். கணிமைச் சிந்தனைக்கு நாளை மாநிலத் தேர்வு வந்தால், அடுத்த மாதமே '60 இல்லை, 120' என்று உருப்போட வைக்கும் டியூஷன் வரும். அந்தப் பெண் கண்டுபிடித்த 360 யாருக்கும் தேவைப்படாது.

அளக்கவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அளக்காவிட்டால் போன் இல்லாத அந்த மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இரண்டு விதமாகப் பிரித்துச் செய்யலாம் என்று தோன்றுகிறது. மாநில அளவில் சதவீதம் வேண்டுமென்றால் ஏசர் மாதிரிச் செய்முறைக் கணக்கெடுப்பு, சாதனத்தைக் கணக்கெடுப்பவரே கொண்டுபோக வேண்டும், ஒரு பொய்ச் செய்தியை எடைபோடும் வேலையும் சேர வேண்டும். பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேண்டாம், பள்ளிக்குத் தரவரிசையும் வேண்டாம். வகுப்பறையில் வேறு கருவி: ஓடாத ஒரு நிரலைக் கொடுங்கள், மூன்று முயற்சிகள் அனுமதியுங்கள், மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் பக்கத்தில் "இது ஏன்" என்று ஒரு வரி. நாற்பது தாளைத் திருத்த ஒரு மணி நேரம் போதும். முதல் முயற்சிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் யோசனை நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் ஆசிரியர் பார்த்தால் போதும். கம்ப்யூட்டர்கூட அவசியமில்லை, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு பையனை டர்ட்டிலாக நடக்கவிட்டால் ஆயிற்று.

இதில் வரும் விடை ஒரு எண்ணாக இருக்காது, பத்திரிகைத் தலைப்புக்கும் உதவாது. அடுத்த நாள் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அந்த ஆசிரியருக்குத் தெரியவரும். தேர்வு வைப்பதே அதற்குத்தானே.